கடைசித் தாளில் நான் எழுதிய மூன்று வரி

நான் எழுதிய நாவலை நானே ஐந்து முறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். சொல்லிக்கொள்ள இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்றதைச் சொல்ல வேண்டுமென்றால் இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆழிப்பேரலை வந்துபோய் மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். புதுச்சேரியில் முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். விடைத்தாள் திருத்திய நேரம் போக மாத நாவல் எழுதினேன். பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, உள்ளே சாணித்தாளும் வெளியே பளபளப்பான அட்டையுமாக, அதுதான். சென்னையிலிருந்த பதிப்பாளர், "மேடம், சயின்ஸ் திரில்லர லேடீஸ் எழுதினா வாங்க மாட்டாங்க" என்று தொலைபேசியில் முதல் நாளே சொல்லிவிட்டார். குடும்பக் கதை கேட்டார். எனக்குக் குடும்பக் கதை வராது. வீட்டில் இருக்கிற குடும்பமே போதுமென்று, ஓர் ஆண் பெயரை வைத்துக்கொண்டேன். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று என் கணவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த வருடம் நான் எழுதியது சூடாகிக்கொண்டே போகும் பூமியைப் பற்றிய கதை. கடலின் வெப்பத்தை அளக்கும் கருவிகள் சொல்கிற உண்மையை ஒரு கம்பெனி மறைக்கிறது. அதைக் கண்டுபிடித்த விஞ்ஞானியைக் கொன்றுவிடுகிறார்கள். அவருடைய மாணவன் துப்புத் துலக்கி முடிப்பதற்குள், ஓர் ஐப்பசி அமாவாசையன்று கடல் உயர்ந்து, தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தின் வழியாக ஊருக்குள் புகுந்துவிடுகிறது. எந்த வருடத்து ஐப்பசி என்றுகூடப் போட்டிருந்தேன். அதற்கு முந்தைய கதைகளில் நியூயார்க்கும் டோக்கியோவும்தான் என் கையால் அழியும். இந்த முறை பழகிய ஊரையே அழித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. எழுதும்போது ஏக உற்சாகமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மாலையில் என் கணவர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எதுவரைக்கும் முழுகிச்சு? சாப்புடலாமா?" என்பார்.

பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை நூலகம் இருந்தது. ஒரு ஆள் உள்ளே போனால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டும், அவ்வளவு குறுகலான கடை. அதை நடத்தியவர் இருபத்து நான்கு வருடம் பஞ்சாலையில் வேலை செய்தவர். மில்லில் ஆட்களைக் குறைத்தபோது விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, நாவல்களை வாங்கி அடுக்கி உட்கார்ந்துவிட்டார். உறுப்பினர்களில் பாதிப்பேர் மில் குடும்பங்கள்தான்.

மில்லில் ஒரு வழக்கம் உண்டாம். ஷிப்ட் முடித்துப் போகிறவர், அடுத்து வருகிறவருக்காக ஒரு தாளில் நாலு வரி எழுதி மிஷினில் செருகிவிட்டுப் போக வேண்டும். எங்கே நூல் அறுகிறது, எந்தப் பட்டை நழுவுகிறது, எதைத் தொடக் கூடாது என்று அதில் இருக்கும். போகிறவரும் வருகிறவரும் பல நாள் முகம்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை இவர் நூலகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு நாவலின் கடைசியிலும் கோடு போட்ட தாள் ஒன்றை ஒட்டி வைப்பார். படித்து முடித்தவர், அடுத்துப் படிக்கப் போகிறவருக்கு அதில் எழுத வேண்டும்.

"பேருல்லாம் போட வேணாம், டீச்சர். எப்பிடி இருக்குதுன்னு அடுத்த ஆளுக்குத் தெரியணும், அவ்ளோதான்" என்று நான் உறுப்பினராகச் சேர்ந்த அன்றே சொன்னார்.

ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய ஆசை காட்ட முடியுமா? பத்திரிகைக்கு வரும் வாசகர் கடிதங்களை எனக்குத் தெரியும். அட்டைப்படம் அருமை, விறுவிறுப்புக்குப் பஞ்சமில்லை என்று அஞ்சலட்டையில் எழுதுகிறவர்கள் எல்லாப் பத்திரிகைக்கும் அதையேதான் எழுதுவார்கள். இந்தத் தாளில் எழுதுகிறவர்களுக்கு எழுத்தாளர் படிப்பார் என்ற எண்ணமே கிடையாது. அதனால் உண்மையை எழுதுவார்கள். என் நாவல் வந்து பத்தாம் நாள் போய் அதை எடுத்துக்கொண்டு வந்தேன். கதையைத் திறக்கவே இல்லை, நேராகக் கடைசித் தாளுக்குப் போனேன்.

முதல் ஆள் "சூப்பர்" என்று முடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆள் பச்சை மையில், "கொலைகாரன் மேனேஜர்தான், 61ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். அந்தக் கையை ஒடித்தால் தேவலை என்றிருந்தது. "வெப்பம் வெப்பம் என்கிறார், நம்ம ஊரில் எந்த வருஷம் குளிர்ந்தது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கதாநாயகனுக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லையே என்று ஒருவருக்கு வருத்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எல்லா நாவலிலும் எழுதுவதையே இதிலும் எழுதியிருந்தார்: "பா மால்." பரவாயில்லை என்று அர்த்தம். எந்தப் புத்தகத்திலும் அவர் அதற்கு மேலே போனதில்லை, கீழேயும் இறங்கியதில்லை என்று நூலகக்காரர் சொன்னார்.

இரண்டாம் முறை எடுத்தபோது ஒரு புதிய வரி இருந்தது. சின்ன எழுத்து, அழுத்தி எழுதியது. "என் தம்பி அலையில் போனவன். நாலாம் அத்தியாயத்தோடு மூடிவிட்டேன். கதை நன்றாக இல்லை என்று சொல்லவில்லை."

அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அந்த ஆள் என்னைக் குறை சொல்லியிருந்தால்கூட ஏதாவது பதில் நினைத்துக்கொண்டிருப்பேன். அவர் மரியாதையாக விலகிப் போயிருந்தார். அதோடு நான் அந்தத் தாளை விட்டுவிட்டிருக்க வேண்டும். புத்தி வரவில்லை. மூன்றாம் முறை போய் எடுத்தேன்.

மூன்றாம் முறை கிடைத்தது இது: "ஐஸ் உருகினால் தண்ணீர் ஏறும் என்கிறார். டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஐஸ் போட்டுப் பார்த்தேன். ஐஸ் கரைந்த பிறகும் தண்ணீர் அதே இடத்தில்தான் இருந்தது. ஆசிரியர் முதலில் ஸ்கூலுக்குப் போய் சயின்ஸ் படிக்க வேண்டும்."

பதினாறு வருடமாக ஸ்கூலில் சயின்ஸ் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இதைப் படித்தால் எப்படி இருக்கும்? எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதுவும் தப்பான விடையைத் தெம்பாக எழுதியிருந்தால் இன்னும் வரும். மிதக்கிற பனி வேறு, தரைமேல் கிடக்கிற பனி வேறு. மிதப்பது உருகினால் மட்டம் ஏறாது, தரையில் இருப்பது உருகி ஓடிவந்தால் ஏறும். இதை என் வகுப்பில் கடைசி பெஞ்சுக் குழந்தைகூடச் சொல்லும். சிவப்பு மை பேனா கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நீல மை எடுத்தேன் என்பதுதான் நான் காட்டிய ஒரே பொறுமை.

முதல் வரியில் பனிக்கட்டி விவகாரத்தை விளக்கினேன். டம்ளருக்கு மேலே ஒரு வடிகட்டியில் ஐஸை வைத்து உருகவிட்டுப் பாருங்கள் என்று இரண்டாவது வரி. இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் எழுத எழுதக் கை சூடாகிவிட்டது. ஒரு சாதாரண வாசகர் சொன்னால் இந்த டம்ளர்க்காரர் கேட்பாரா என்று தோன்றியது. மூன்றாவது வரியாக இதை எழுதினேன்: "நான் இது சம்பந்தப்பட்ட துறையில் இருப்பவன். விசாரித்துப் பார்த்துவிட்டேன். தேங்காய்த்திட்டு பற்றி ஆசிரியர் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை, சொன்ன வருடத்தில் நடக்கும்."

நான் எந்தத் துறையிலும் இல்லை, யாரையும் விசாரிக்கவும் இல்லை. கதையில் வருகிற வருடத்தைத் தேர்ந்தெடுத்ததுகூட, வாசகருக்குப் பயம் வரும்படி பக்கத்தில் இருக்க வேண்டும், நாவல் மறுபதிப்பு வந்தால் காலாவதி ஆகிவிடாதபடி கொஞ்சம் தள்ளியும் இருக்க வேண்டும் என்ற கணக்கில்தான்.

நாலாம் முறை எடுத்தபோது என் வரிகளுக்குக் கீழே "அப்படியா?" என்று ஒருவரும், "படித்த பிறகு இரவு தூக்கம் இல்லை" என்று ஒருவரும் எழுதியிருந்தார்கள். டம்ளர்க்காரர் வாயே திறக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து வழியில் பக்கோடா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஐந்தாம் முறை புத்தகத்தைத் திறந்தால் தாளே இல்லை. ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் காய்ந்து கிடந்தது. மறுநாள் திருப்பிக் கொடுக்கும்போது, யாரோ கிழித்துவிட்டார்களே என்று நூலகக்காரரிடம் கேட்டேன். கிழித்தவர் மேல் எனக்குத்தான் கோபம் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"யாரும் கிழிக்கல டீச்சர். எங்க வூட்டுக்காரி எடுத்து வெச்சிருக்கா."

"எதுக்கு?"

அவர் பதிவேட்டில் என் நாவலுக்கு எதிரே கோடு போட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் பேசினார். மில்லில் இருந்து வந்த பணத்தில் பாதியைப் போட்டுத் தேங்காய்த்திட்டில் ஒரு மனை வாங்கியிருந்தார்கள். சென்ற ஆவணியில் கடக்கால் தோண்டி, சுவர் ஜன்னல் மட்டம்வரை எழும்பிவிட்டது. இப்போது குடியிருக்கிற வாடகை வீட்டைத் தை மாதம் காலி செய்து தருவதாக வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில் அவருடைய மனைவி அந்த நாவலைப் படித்தார். கடைசித் தாளையும் படித்தார். அந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு மாசமா அப்பிடியே நிக்குது டீச்சர். கொத்தனாரு வேற வேலைக்குப் போயிட்டாரு. வூட்ல எங்க ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. மொதல்ல நான் இன்னா சொன்னாலும், எழுதி வெச்சிருக்குதே, எழுதி வெச்சிருக்குதேன்னு சொன்னா, அதோட சரி."

"அது வெறும் கதைதானே அண்ணே?"

"கதைன்னு அவளுக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா படிக்கிறவ. கதைய அவ நம்பல. அந்தத் தாளத்தான் நம்புறா."

பிறகுதான் அவர் மனைவியும் அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவர் என்று தெரிந்துகொண்டேன். ஒருமுறை, போன ஷிப்ட்காரி மிஷினைத் தொடாதே என்று எழுதி வைத்திருந்த தாளைப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் படிக்காமல் கையை வைத்துவிட்டாள். இரண்டு விரல் போய்விட்டது. அந்தக் கையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் இந்த அம்மாதான். அன்றையிலிருந்து, முன்னே போனவர் பின்னே வருகிறவருக்கு ஒன்றை எழுதி வைத்தால், அதில் பொய் இருக்கும் என்பதே அவருக்குத் தோன்றாது. யார் எழுதினார்கள் என்றும் கேட்க மாட்டார். மில்லில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை.

நான் அங்கேயே, அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அத நம்பாதீங்க அண்ணே, யாரோ விளையாட்டுக்கு எழுதியிருப்பாங்க" என்றேன்.

"யாரோன்னு எப்பிடித் தள்றது? அந்தத் தொறையில இருக்கறவன்னு போட்டிருக்காரு. நீங்க ஸ்கூல் டீச்சரு. உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

என் பொய்யிடம் நானே தோற்றுப்போய் வெளியே வந்தேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் எப்போதும் கிண்டல் செய்கிறவர், அன்றைக்குச் செய்யவில்லை. "போயி சொல்லிடு" என்றார். பள்ளியில் தெரிந்துவிட்டால் என்ன ஆகும், கொலையும் கம்பெனி மேனேஜரும் எழுதுகிற டீச்சர் என்று தலைமையாசிரியை என்ன நினைப்பார் என்றெல்லாம் நான் அடுக்கினேன். "அவங்க தைக்குள்ள வூட்ட காலி பண்ணணும்னு நீதானே சொன்ன?" என்று கேட்டுவிட்டு அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. சரியாகச் சொல்லிவிட்டார் என்ற எரிச்சல்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தேங்காய்த்திட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும், அம்மாவையும் அழைத்து வாருங்கள் என்று நூலகக்காரரிடம் சொல்லியிருந்தேன். மனையைச் சுற்றி வேலிக்காத்தான் வளர்ந்து கிடந்தது. மணல் குவியல்மேல் புல் முளைத்திருந்தது. நாலு பக்கமும் இடுப்பளவு சுவர், வாசலுக்கு விட்ட இடைவெளியில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேருடைய உழைப்பு முழுவதும் அந்த இடுப்பளவு சுவரில்தான் இருந்தது. துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

அந்த அம்மா மீன் கூடையோடு அங்கிருந்துதான் வந்தார். ஒல்லியான உடம்பு, அகலமான நெற்றி. என்னை ஏற இறங்கப் பார்த்து, "வாங்க டீச்சர்" என்றார். கட்டிய சுவருக்கு உள்ளே அவர் கால் வைக்கவில்லை. வெளியிலேயே நின்றார்.

நான் பாதை முழுவதும் பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "அம்மா, அந்தத் தாள்ல தேங்காய்த்திட்டு பத்தி எழுதினது நான்தான். அந்தக் கதைய எழுதினதும் நான்தான். வேற பேர்ல எழுதறேன். யாரையும் விசாரிக்கல. என் புத்தகத்தக் கிண்டல் பண்ணிட்டாங்கன்னு ஆத்திரத்துல எழுதிட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

நூலகக்காரர் என்னையே பார்த்தார். "இந்தக் கதைய எழுதற ஆளுக்கு முடிக்கத் தெரியலன்னு உங்ககிட்டயே எத்தினி தபா சொல்லியிருக்கேன்" என்றார் மெதுவாக. "ஏன் டீச்சர் ஒரு வார்த்த சொல்லல?"

அவர் மனைவி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். என் எழுத்தையும் என் முகத்தையும் பார்த்தார்.

"துறையில் இருப்பவன்னு போட்டிருக்கீங்க."

"பொய்ம்மா."

"விசாரித்துப் பார்த்துவிட்டேன்னு."

"அதுவும் பொய்தான்."

"இத நம்பி ரெண்டு மாசமா இவருகூட நான் பேசல" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர்தான் என்னைச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

தாளைப் பார்த்தபடியே, "அப்போ இங்க தண்ணி வராது?" என்று கேட்டார்.

ஆமாம், வராது, தைரியமாகக் கட்டுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். நூலகக்காரர் முகத்திலும் அதைச் சொல்லிவிட மாட்டேனா என்ற ஏக்கம் தெரிந்தது. ஆனால் ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்ல முடியவில்லை. "வராதுன்னு சொல்ல முடியாதும்மா. கடல் மெதுவா ஏறிட்டு வருதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. அது நெசம். ஆனா இந்த இடத்துக்கு எப்போ வரும், எவ்ளோ வரும்னு எனக்குத் தெரியாது. நான் போட்ட வருஷம் சும்மா போட்டது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என் பதில் அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று தெரியவில்லை. கூடையைச் சுவர்மேல் வைத்தார்.

"நீங்க எங்க குடியிருக்கீங்க டீச்சர்?"

"மூலக்குளம்."

"சொந்த வூடா?"

"ஆமாம்மா. கட்டி ஆறு வருஷம் ஆச்சு."

"கதையில மொதல்ல இங்க வருது. அப்புறம் முதலியார்பேட்ட. இந்தப் பக்கம் தவளக்குப்பம் ரோட்ட அறுத்துடுது. அந்தப் பக்கம் நெல்லித்தோப்பு. நெல்லித்தோப்பு தாண்டி வரலியே. நான் ரெண்டு தபா படிச்சேன். மூலக்குளத்துக்கு ஏன் தண்ணி வரல?"

குத்திக் காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. முன்னே போன ஷிப்ட்காரியிடம், இந்த மிஷின் மட்டும் எப்படி ஓடியது என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார். விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அது மேடான பகுதி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று நான் ஒரு வரைபடத்தைக்கூடப் புரட்டிப் பார்த்ததில்லை. தண்ணீர் எங்கே வர வேண்டும் என்று என் மேசையில் உட்கார்ந்துகொண்டு நானாகவே தீர்மானித்தேன். எங்கே வரக் கூடாது என்று தீர்மானித்தது எனக்கே தெரியாது. ஆறு மாதம் எழுதி, மூன்று முறை திருத்தி, அச்சுப் பிழை பார்த்து, ஐந்து முறை வாடகைக்கு எடுத்தும் அது என் கண்ணில் படவில்லை. "பாத்து எழுதல அம்மா. என் வூடு அங்க இருக்குது, அதான் வரல போல" என்றேன்.

அந்த அம்மா சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார். தாளை மறுபடி நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"அவுங்கவுங்க வூடு அவுங்கவுங்களுக்கு" என்றார். பிறகு கணவரிடம் திரும்பி, இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பேசினார். "மேஸ்திரியக் கூப்புடு. ஜன்னல் மட்டத்தோட நிறுத்தினது நல்லதாப் போச்சு. உள்ள தரைய ரெண்டு அடி ஏத்தச் சொல்லு. சொவரும் அதுக்குத் தக்க ஏறட்டும்."

நூலகக்காரர் வாசல் இடைவெளியில் நின்ற ஆட்டை விரட்டப் போனார். அந்தப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் விரட்டிக்கொண்டே இருந்தார். ஆடு எப்போதோ போய்விட்டிருந்தது.

மாசியில் குடி போனார்கள். தையில் முடியவில்லை, வீட்டுக்காரர் ஒரு மாதம் பொறுத்துக்கொண்டாராம். புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். தெருவிலிருந்து வாசலுக்கு ஏழு படி ஏற வேண்டியிருந்தது. வந்தவர்களெல்லாம் எதற்கு இவ்வளவு உயரம் என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்கள். இந்த டீச்சர் சொன்னாங்க என்று அந்த அம்மா என்னைக் கை காட்டினார். எதைச் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. என் ரகசியம் அந்த இரண்டு பேரோடேயே நின்றுவிட்டது.

இரண்டு வருடம் கழித்துப் பதிப்பாளர் அந்த நாவலை மறுபதிப்பு போடுவதாகத் தொலைபேசியில் சொன்னார். ஏதாவது திருத்த வேண்டுமா என்று கேட்டார். ஒரு பக்கம் சேர்க்க வேண்டும் என்றேன். கதை நன்றாகத்தானே போகிறது, எதற்கு என்றார். பத்து நாள் கேட்டேன்.

இருபது நாள் ஆயிற்று. நெல்லித்தோப்பைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுவந்தேன். வில்லியனூர் சாலையில் ஏற்றினேன். எங்கள் தெரு முனையில் இருக்கும் இஸ்திரிக் கடையைத் தாண்டி, என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். உள்ளே விட வேண்டிய இடத்தில் எழுத வரவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன். தண்ணீர் வந்தால் எதை முதலில் எடுத்து மேலே வைப்பது என்று பார்த்தேன். அரிசி டிரம்மைத் தனியாளாகத் தூக்க முடியாது. மிக்சி, கீழ்த்தட்டில் இருந்த என் பெண்ணின் பிறப்புச் சான்றிதழ் கவர், அம்மா கொடுத்த பித்தளைக் குடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எழுதவில்லை, மறுநாளும் எழுதவில்லை. கடைசியில் எழுதி முடித்தபோது என் ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஆகியிருந்தது.

அதை எங்கே சேர்ப்பது என்று பழைய பதிப்பைப் புரட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால் எழுதி முடித்த அத்தியாயம் அது. அதில் தேங்காய்த்திட்டுக்கு நான் கொடுத்திருந்தது ஒரே வரி: "அங்கே ஒரு வீடுகூட மிஞ்சவில்லை."